புஸ்ஸி வீதியும் உக்ரைனும்



"அமெரிக்கா ஆயுதம் குடுத்தா உக்ரைன் ஜெயிச்சிடும்"னு வகுப்புல பேசிக்கிறாங்க. எனக்கு அப்படித் தோணலை. நம்ம ஊர் வரலாற்றையே பாருங்க.

லால் பகதூர் சாஸ்திரி வீதியைப் பெரியவங்க இன்னும் புஸ்ஸி வீதின்னுதான் சொல்றாங்க. அந்தப் புஸ்ஸி ஒரு பிரெஞ்சுத் தளபதி. 1783 ஜூனில் கடலூரில் அவர் படையும் மைசூர்ப் படையும் சேர்ந்து ஆங்கிலேயரோடு சண்டை போட்டன. அப்போ, ஐரோப்பாவில் சமாதானம் ஆயிடுச்சுன்னு கப்பலில் சேதி வந்தது. உடனே பிரெஞ்சுக்காரங்க போரை நிறுத்திட்டாங்க. மங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்த திப்பு சுல்தானை விட்டும் பிரெஞ்சு வீரர்கள் விலகிட்டாங்க. திப்புவை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை! அவர் தனியாவே நின்னு 1784 ஜனவரியில் கோட்டையைப் பிடிச்சார், அது வேற விஷயம். ஆனா 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் சாகும்வரை, எதிர்பார்த்த பெரிய பிரெஞ்சுப் படை வரவே இல்லை.

2025 பிப்ரவரியில் அமெரிக்காவும் ரஷ்யாவும் ரியாத்தில் உட்கார்ந்து பேசினாங்க. உக்ரைனுக்கு அங்கே நாற்காலி இல்லை. மார்ச்சில் அமெரிக்கா ஆயுதத்தையும் உளவுத் தகவலையும் சில நாள் நிறுத்திடுச்சு.

உதவி வாங்கறது தப்புன்னு நான் சொல்லலை. 2022ல் வெளிநாட்டு ஆயுதம் இல்லாம கார்கிவ் பகுதியை மீட்டிருப்பாங்களா? ஆனா துப்பாக்கி குடுத்தவங்க சமாதானம் பேசப் போனா, ரத்தம் சிந்துறவங்களையும் கூட உட்கார வைக்கணும். அதுதான் நியாயம்.

2025 ஜூனில் ரஷ்ய விமானத் தளங்களைத் தாக்கினது உக்ரைன்காரங்க தாங்களே செஞ்ச ட்ரோன்கள். அதுக்கு அவங்க அமெரிக்காகிட்ட முன்கூட்டிச் சொல்லக்கூட இல்லை.