பனியனுக்குச் சோதனை உண்டு, படத்துக்கு?

திருப்பூரில் ஒரு பனியன் கப்பல் ஏறுவதற்கு முன்னால் என்ன பாடு படுகிறது தெரியுமா?

துவைத்துப் பார்க்கிறார்கள். வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கிறார்கள். வியர்வை பட்டால் சாயம் இறங்குமா என்று பார்க்கிறார்கள். வெயிலுக்கு வெளுக்குமா என்று, பலத்த விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நீலக் கம்பளித் துண்டுகளைப் பக்கத்தில் வைத்து, 1 முதல் 8 வரை மார்க் போடுகிறார்கள். மார்க் குறைந்தால் ஆர்டர் போச்சு!

ஊத்துக்குளி ரோட்டில், மண்ணரைப் பக்கம் போய் யாரைக் கேட்டாலும் சாயத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது பனியன் வேலை பார்த்தவர்கள்.

அதே வீட்டுச் சுவரைப் பாருங்கள். மாலை போட்ட தாத்தா படம் தொங்குகிறது. முன்னால் விளக்கு எரிகிறது. பாட்டி தினமும் கும்பிடுகிறாள்.

அந்தப் படம் எந்த மையில் எடுத்தது? எத்தனை வருஷம் தாங்கும்? கேட்டவர் உண்டா?

எங்கேயோ இருக்கும் வெள்ளைக்காரன் போடுகிற பனியனுக்கு இருக்கிற சோதனை, நம் தாத்தா படத்துக்கு இல்லை. இதுதான் என் வருத்தம்.

ஊசி போடும் வைத்தியம்

இப்போது பல ஸ்டூடியோக்களில் இருட்டறை இல்லை. கம்ப்யூட்டர் இருக்கிறது. பக்கத்தில் ஒரு போட்டோ பிரிண்டர் இருக்கிறது. வீட்டிலேயே பிரிண்டர் வாங்கி வைத்திருப்பவர்களும் உண்டு.

பிரிண்டருக்குள்ளே கார்ட்ரிட்ஜ் என்கிற மைக்கூடு இருக்கும். மை தீர்ந்தால் புதுக் கூடு வாங்க வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். சில சின்னப் பிரிண்டர்களில், இரண்டு மூன்று தடவை மைக்கூடு வாங்குகிற காசுக்குப் புதுப் பிரிண்டரே வந்துவிடும்! பிரிண்டரை மலிவாகக் கொடுத்து, மையில் காசு பார்ப்பது கம்பெனிகளின் வழி.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? காலிக் கூட்டை எடுத்தார்கள். டாக்டர் ஊசியை எடுத்தார்கள். வெளியில் கிடைக்கும் மலிவு மையை உறிஞ்சி, கூட்டுக்குள் ஏற்றினார்கள். பிரிண்டர் மறுபடி ஓடியது. இதற்குத்தான் 'ரீபில்' என்று பெயர். திரும்பத் திரும்ப நிரப்புவதற்கென்றே செய்த கூடுகளும் பிறகு வந்தன.

இது தப்பா? இல்லவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய பாட்டிலில் நல்லெண்ணெய் தீர்ந்தால், செக்குக்காரரிடம் போய் நிரப்பிக் கொள்கிறோம். பாட்டில் செய்தவன் வந்து வழக்குப் போடுவானா?

ஆனால் மைக்கூட்டுக்காரர்கள் வழக்கே போட்டார்கள். அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் என்ற கம்பெனி, தன் லேசர் பிரிண்டர் கூடுகளை நிரப்பி விற்ற ஒரு சின்னக் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஒரு பொருளை விற்றுவிட்ட பிறகு, காப்புரிமையைக் காட்டி அதைத் தடுக்க முடியாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். சின்னவன் ஜெயித்தான்!

வேறு வழியிலும் தடுத்தார்கள். கூட்டில் ஒரு சின்னச் 'சிப்' வைத்தார்கள். அது மையைக் கணக்குப் பார்க்கும். வேறு ஆள் செய்த கூட்டைக் கண்டால், "இது நம்ம வீட்டுப் பிள்ளை இல்லை" என்று பிரிண்டரை நிறுத்தும். 2016 செப்டம்பர் 13-ந்தேதி, ஹெச்.பி. கம்பெனியின் சில வகைப் பிரிண்டர்கள் உலகம் முழுவதும் திடீரென்று வெளிக் கூடுகளை ஏற்க மறுத்தன. நேற்று வரை ஓடிய கூடு, இன்று ஓடவில்லை. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். விஷயத்தைச் சரியாகச் சொல்லாததற்காக அந்த மாதமே கம்பெனி வருத்தம் தெரிவித்தது. பழையபடி ஓட வைக்கவும் வழி செய்தது. ஆனாலும் சிப் வைத்துத் தடுக்கும் வேலை அதோடு நிற்கவில்லை. 2020-ல் இத்தாலி நாட்டு அதிகாரிகள் அதே கம்பெனிக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டார்கள்.

வேடிக்கையான கதை இன்னொன்று. இந்தோனேசியாவில் ஜனங்கள் பிரிண்டருக்கு வெளியே மைப் புட்டிகளைக் கட்டி, குழாய் விட்டு ஓட்டினார்கள். நம் ஊரிலும் அப்படிச் செய்தவர்கள் உண்டு. எப்சன் கம்பெனி அதைப் பார்த்தது. 2010-ல், டேங்க் வைத்த பிரிண்டரைத் தானே செய்து இந்தோனேசியாவில் விற்றது. புட்டியில் மை வாங்கி நாமே ஊற்றிக் கொள்ளலாம். பிறகு மற்றக் கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. வாங்குகிறவன் வாத்தியார் ஆனான். கம்பெனி பாடம் படித்தது!

ஆகவே மை நிரப்புவது நம் உரிமை. காலிக் கூடு குப்பைமேட்டுக்குப் போகாமல் இருப்பதும் நல்லதுதானே?

என் கேள்வி வேறு. உள்ளே போகிற மை எது?

சாயமா, பிக்மென்ட்டா?

பிரிண்டரின் தலையில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே மை துளித்துளியாகத் தெறிக்கிறது. நல்ல போட்டோ பிரிண்டரில் ஒரு துளி எவ்வளவு சிறியது? குழாயில் சொட்டுகிற ஒரு சொட்டுத் தண்ணீரை 2½ கோடி துண்டாக வெட்டினால், ஒரு துண்டு எவ்வளவு வருமோ, ஏறக்குறைய அவ்வளவு!

இந்தத் துவாரத்தில் ஒரு தூசு நுழைந்தால் போதும், அடைத்துக் கொள்ளும். காற்றுக் குமிழி புகுந்தாலும் மை வராது. படத்தில் கோடு கோடாக விழும். சில பிரிண்டர்களில் தலை மைக்கூட்டோடு சேர்ந்தே இருக்கும். கெட்டால் கூட்டை மாற்றலாம். வேறு சிலவற்றில் தலை பிரிண்டரிலேயே இருக்கும். கெட்டால் பிரிண்டர் வாங்கிய காசுக்கே மோசம். எந்த வகை என்று தெரியாமல் ஊசியை எடுக்காதீர்கள்.

மையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தண்ணீரில் சர்க்கரை கரைவது போலக் கரைந்த சாயம். இன்னொன்று, கரையாமல் மிதக்கும் நுண்ணிய வண்ணத்தூள். பனியன் கம்பெனியில் பிக்மென்ட் பிரிண்ட் என்று சொல்கிறார்களே, அந்தப் பிக்மென்ட்தான் இது. துணியில் எப்படியோ, தாளிலும் அப்படியே.

சாய மை பளபளப்பாக இருக்கும். கண்ணைப் பறிக்கும். ஆனால் வெயிலையும் காற்றையும் அவ்வளவாகத் தாங்காது. பிக்மென்ட் மை பொதுவாக நீண்ட நாள் நிற்கும். விலை அதிகம். டேங்க் பிரிண்டரில் ஊற்றும் வண்ண மைகள் பெரும்பாலும் சாய மைகளே.

காற்று என்ன செய்யும் என்று கேட்கலாம். காற்றில் ஓசோன் என்ற வாயு கொஞ்சம் கலந்திருக்கிறது. அது சாயத்தைத் தின்னும். போட்டோ தாளின் மேலே நுண்ணிய ஓட்டைகள் இருப்பதால்தான் மை உடனே காய்கிறது. அதே ஓட்டை வழியாக வாயுவும் உள்ளே போகிறது. நீல நிறம் முதலில் போய்விட்டால் என்ன ஆகும்? முகம் செம்மஞ்சளாகிவிடும்.

கம்பெனி மை என்றால் பயமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2000-ம் ஆண்டில் எப்சன் போட்டோ பிரிண்டர்கள் சிலவற்றில், சொந்த மையில், சொந்தத் தாளில் எடுத்த படங்களே சிலர் வீட்டில் சீக்கிரமாக ஆரஞ்சுப் பழ நிறமாகிவிட்டன. காரணம் ஓசோன்தான். அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகள் மையையும் தாளையும் திருத்தின. படம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று சோதித்துச் சொல்லும் நிலையங்களும் இருக்கின்றன. அப்படிச் சோதித்ததில், மலிவு மைகள் பல மிகச் சீக்கிரம் வெளுத்தன. எல்லா வெளி மையும் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். பெயரில்லாத புட்டியில் வருகிற மைக்கு ஜாதகம் இல்லை, அவ்வளவுதான். இந்த மாதம் வந்த மையும் அடுத்த மாதம் வருகிற மையும் ஒன்றுதானா என்று விற்கிறவருக்கே தெரியாது.

திருப்பூரில் வேறொரு விஷயமும் நடக்கிறது. சின்னப் பிரிண்டரில் 'சப்ளிமேஷன்' மை ஊற்றி, தாளில் படம் எடுத்து, சூட்டில் அழுத்திப் பனியனில் ஏற்றுகிறார்கள். பாலியெஸ்டர் துணியில் அழகாகப் பிடிக்கும். வெறும் பருத்தியில் நிற்காது. நல்ல தொழில். ஆனால் அந்த மையை ஊற்றிய பிரிண்டரிலேயே போட்டோவும் எடுக்கலாம் என்று நினைத்தால் படம் மங்கிப் போகும். அந்த மை சூடு பட்ட பிறகே நிறம் காட்டும். ஒரு பிரிண்டருக்கு ஒரு மை. பாலில் மோரை ஊற்றுவார்களா?

மிச்ச மையைச் சாக்கடையில் கொட்டுகிறவர்களையும் பார்க்கிறோம். நொய்யல் ஆறு சாயத்தால் பட்ட பாடு ஊருக்கே தெரியும். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டன. ஒரு புட்டி மை அதற்கு ஈடாகாதுதான். இருந்தாலும் இந்த ஊர்க்காரர் கை அதைச் செய்யக் கூசவேண்டாமா?

எதற்கு எந்த மை?

பரீட்சை விண்ணப்பத்துக்குப் போட்டோ வேண்டும். பேங்க் கணக்குக்கு வேண்டும். வேலைக்கு வந்த ஒடிசாக்காரப் பையனுக்கு நாளைக்கே கம்பெனி அடையாள அட்டைக்கு வேண்டும். இதற்கெல்லாம் ரீபில் மை தாராளமாகப் போதும். நூறு வருஷம் தாங்கி அந்தப் படம் என்ன செய்யப் போகிறது? இதற்கும் விலை உயர்ந்த கம்பெனி மைதான் வேண்டும் என்பவர் ஏழையின் பையைப் பற்றி நினைக்காதவர்.

கல்யாணப் படம், முதல் பிறந்த நாள் படம், செத்துப் போனவர் படம் — இவை வேறு. இவற்றுக்கு ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கக் கூடாது. பிக்மென்ட் மையில் எடுக்கச் சொல்லுங்கள். அல்லது கலர் லேபில், மருந்தில் கழுவி எடுக்கும் போட்டோ தாளில் போடச் சொல்லுங்கள். அதில் மையே கிடையாது.

ஸ்டூடியோக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரீபில் மை ஊற்றுவதில் வெட்கமில்லை. அதைச் சொல்லாமல், பெரிய படத்துக்குப் பெரிய விலை வாங்குவதுதான் தப்பு. "இது பாஸ்போர்ட் சைஸ் மைங்க, மாட்டி வைக்கிறதுக்கு வேற மை, இவ்வளவு ஆகும்" என்று சொன்னால் வாடிக்கைக்காரர் ஓடிவிட மாட்டார். துணிக்கடையில் சாயம் போகுமா என்று கேட்டால் பதில் சொல்கிறார்கள் அல்லவா? இங்கே மட்டும் ஏன் மூடி மறைக்க வேண்டும்?

நீங்களும் வாயைத் திறந்து கேளுங்கள். "ஏனுங்க, எந்த மையில போடறீங்க?" என்று ஒரு வார்த்தை. பதில் சொல்லத் திணறினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வீட்டில் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே படத்தை இரண்டு எடுங்கள். ஒன்றைக் கவரில் போட்டுப் பீரோவில் வையுங்கள். இன்னொன்றின் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டுங்கள். ஒரு மாதம் கழித்து அட்டையை எடுங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால், அந்த மையின் யோக்கியதை தெரிந்துவிடும். மூடிய பாதியும் பீரோப் படத்தைவிட மங்கியிருந்தால், காற்றும் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

சுவரில் மாட்டும் படத்துக்குக் கண்ணாடி போடுங்கள். வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம். விளக்குப் புகை நேரே படாமல் கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள்.

தாத்தா படத்தின் கம்ப்யூட்டர் பிரதி யாரிடம் இருக்கிறது என்றும் இன்றைக்கே விசாரியுங்கள். ஸ்டூடியோவில் எத்தனையோ ஆயிரம் படங்கள்; எல்லாவற்றையும் அவர்கள் என்றென்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். ஒரு பென் டிரைவில் வாங்கி வீட்டில் வையுங்கள். இன்னொரு பிரதியை வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள்.