குழந்தை பிறந்தாச்சு... அம்மாவின் வைரல் லோடை யார் பார்ப்பது?

எச்ஐவி உள்ள ஒரு பெண் கர்ப்பமானால், அவரைச் சுற்றி ஒரு பெரிய ஏற்பாடே இயங்கத் தொடங்கும். ரத்தப் பரிசோதனை, கூட்டு மருந்து, ஆலோசகரின் போன் அழைப்பு, பிரசவத் தேதிக்கான திட்டம் எல்லாம் நடக்கும். குழந்தை நல்லபடியாகப் பிறந்ததும் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான்.

2023-ல் உலகம் முழுவதும் சுமார் 1.2 லட்சம் குழந்தைகளுக்குப் புதிதாக எச்ஐவி தொற்று ஏற்பட்டதாக ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டுள்ளது. இத்தனைக்கும் அந்த ஆண்டில் எச்ஐவி உள்ள கர்ப்பிணிகளில் 84% பேருக்கு சிகிச்சை கிடைத்தது. மருந்து இருந்தும் குழந்தைக்கு எப்படித் தொற்று வருகிறது? இதற்கான பதிலின் ஒரு பகுதி, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் இருக்கிறது.

வைரல் லோடு என்றால் என்ன?

ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் உள்ளன என்ற எண்ணிக்கைதான் வைரல் லோடு. மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் இது 50-க்குக் கீழே இறங்கிவிடும். 1,000-ஐத் தாண்டினால் இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம்: மாத்திரை விட்டுப்போயிருக்கிறது, அல்லது மருந்து வேலை செய்யவில்லை. வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வைரஸ் கூடிக்கொண்டிருக்கும்போதும் அம்மா பார்க்க ஆரோக்கியமாகவே இருப்பார்.

பிரசவம் முடிந்த பிறகும் ஆபத்தா?

ஆமாம். தாய்ப்பால் வழியாகவும் எச்ஐவி பரவும். எந்த சிகிச்சையும் இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், பாலூட்டல் மூன்றும் சேர்த்துக் குழந்தைக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு 15 முதல் 45% வரை.

சிகிச்சையில் இருந்தால் நிலைமை தலைகீழ். ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் நடந்த ‘ப்ராமிஸ்’ ஆய்வில், மருந்து எடுத்துக்கொண்ட தாய்மார்களிடமிருந்து பாலூட்டும் காலத்தில் தொற்று பரவிய விகிதம் 6 மாதத்தில் 0.3%, 12 மாதத்தில் 0.6%. முழுப் பூஜ்யம் இல்லை என்றாலும், ஏறக்குறைய அதை ஒட்டிய எண். ஆனால் இந்தப் பாதுகாப்பு மாத்திரை தொடரும் வரைக்கும்தான்.

அப்புறம் ஏன் விட்டுடுறாங்க?

51 ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு இப்படிச் சொல்கிறது: மருந்தைப் போதிய அளவு ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்கள் கர்ப்ப காலத்தில் 75.7%. பிரசவத்துக்குப் பிறகு அது 53% ஆகச் சரிந்தது.

கர்ப்பத்தில் “குழந்தைக்காக” சாப்பிட்ட மாத்திரை அது. குழந்தைக்கு நெகட்டிவ் என்று வந்ததும், “இனி எனக்கு எதுக்கு?” என்று தோன்றிவிடுகிறது. தூக்கமில்லாத இரவுகள், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, வீட்டில் மற்றவர்கள் கண்ணில் படாமல் மாத்திரை டப்பாவை மறைக்க வேண்டிய அவஸ்தை, பஸ் செலவு எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

மருத்துவமனை நடைமுறையும் ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகே கூகுலேத்து பகுதியில், பிரசவத்துக்குப் பிறகு அம்மாவைப் பொது எச்ஐவி கிளினிக்குக்கு மாற்றிவிடுவது வழக்கம். குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது வேறு இடத்தில். அதாவது இரண்டு இடம், இரண்டு வரிசை, இரண்டு தேதி.

அங்கே சுமார் 470 தாய்மார்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு, பால் கொடுக்கும் காலம் முடியும் வரை அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான முறை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, சிகிச்சையில் நீடித்து வைரஸும் கட்டுக்குள் இருந்தவர்கள் முதல் பிரிவில் 77%, இரண்டாவதில் 56%. இரண்டு பிரிவுக்கும் அடிப்படை வித்தியாசம், அம்மாவும் குழந்தையும் ஒரே இடத்தில் பார்க்கப்பட்டதுதான்.

எப்போதெல்லாம் டெஸ்ட் எடுக்கணும்?

வழக்கமாக சிகிச்சை தொடங்கிய 6-வது மாதம், 12-வது மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை வைரல் லோடு பார்ப்பார்கள். பாலூட்டும் தாய்க்கு இது போதாது. ஒரு வருடம் பால் கொடுக்கிறார் என்றால், இரண்டு பரிசோதனைக்கு நடுவிலேயே அந்தக் காலம் முழுசும் ஓடிவிடலாம். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை:

• கர்ப்பத்தின் 34–36-வது வாரத்தில் ஒருமுறை
• குழந்தை பிறந்து 3 மாதத்தில் ஒருமுறை
• பால் கொடுக்கும் வரை 6 மாதத்துக்கு ஒருமுறை

எண் கூடினால்?

பயந்து உடனே பாலை நிறுத்தக் கூடாது. முதலில் குழந்தைக்குப் பரிசோதனையும், தேவையானால் தடுப்பு மருந்தும். அம்மாவுக்கு, மாத்திரை ஏன் விட்டுப்போனது என்று திட்டாமல் கேட்கும் ஆலோசனை. மீண்டும் பரிசோதித்தும் எண் இறங்காவிட்டால் மருந்தை மாற்றுவார்கள். ரிசல்ட் வாரக்கணக்கில் தாமதமானால் இதெல்லாம் தள்ளிப்போகும். காசநோய்க்குப் பயன்படும் சிறிய கருவியிலேயே அன்றே முடிவு பார்க்கும் வசதி இப்போது இருக்கிறது.

இப்போது ஏன் கவலை?

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. தென்னாப்பிரிக்காவின் எச்ஐவி திட்டச் செலவில் அமெரிக்காவின் பங்கு சுமார் 17%. மாத்திரைகளைப் பெரும்பாலும் அந்நாட்டு அரசே வாங்குகிறது. ஆனால் ஆலோசகர்கள், வராதவர்களைத் தேடிப் போகும் களப்பணியாளர்கள் எனப் பலருக்கு சம்பளம் தந்தது அமெரிக்கப் பணம். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சில மாதங்களிலேயே அங்கு வைரல் லோடு பரிசோதனைகள் குறைந்ததாகச் செய்திகள் வந்தன. மருந்து அலமாரியில் இருக்கிறது. அம்மா ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லை.

இந்தியாவில்?

இங்கு எச்ஐவி திட்டத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் நிதியில் நடக்கிறது. 2014 முதல் எச்ஐவி உள்ள எல்லா கர்ப்பிணிகளுக்கும் வாழ்நாள் முழுவதற்குமான கூட்டு மருந்து இலவசம். குழந்தைக்கு 6-வது வாரம் தொடங்கி 18-வது மாதம் வரை பரிசோதனைகள் உண்டு.

கவனிக்க வேண்டியது அம்மாவின் இடமாற்றம். பிரசவத்துக்குத் தாய்வீடு, பிறகு புகுந்த வீடு. மருந்து பதிவோ ஒரே ஏஆர்டி மையத்தில். ஊர் மாறும்போது மருந்தையும் அடுத்த வைரல் லோடு தேதியையும் மையத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சந்தேகங்களுக்கு 1097 இலவச உதவி எண் இருக்கிறது. உங்கள் எச்ஐவி நிலையைச் சம்மதமின்றி வெளியே சொல்வதை 2017-ன் எச்ஐவி சட்டம் தடை செய்கிறது.

குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ஒவ்வொரு தேதியும் குறிக்கப்பட்டிருக்கும். அதே அட்டையில் அம்மாவின் அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியையும் யாராவது எழுதி வைத்தால், விட்டுப்போகும் பல பேரை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.