இறுதி வார்த்தைப்பாடு

குருப்பட்டம் என்றால் ஊரே திரளும். மாலை, மேளம், விருந்து. அதே குருவானவர் பல ஆண்டுகள் கழித்து இயேசு சபையில் இறுதி வார்த்தைப்பாடு கொடுக்கும்போது கோயிலில் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது. எனக்கு இது வருத்தம். பிந்தையதுதான் கனமான நாள்.

நவதுறவு என்னும் இரண்டாண்டுத் தொடக்கப் பயிற்சி முடிந்ததும் முதல் வார்த்தைப்பாடு. பிறகு நீண்ட படிப்பு, குருப்பட்டம், பணி, மீண்டும் ஒரு பயிற்சிக் காலம். அதன் பின்பே உரோமையிலுள்ள சபைத் தலைவர் இறுதி வார்த்தைப்பாட்டுக்கு அழைப்பார். இதே சபையைச் சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் 1969இல் குருவானவர். இறுதி வார்த்தைப்பாடு 1973இல்தான்.

திருப்பலியில் நற்கருணை உயர்த்திப் பிடிக்கப்பட்டிருக்க, வார்த்தைப்பாடு கொடுப்பவர் அதன்முன் மண்டியிட்டு ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என மூன்று உறுதிகளை வாசிக்கிறார். திருத்தந்தை அனுப்பும் இடத்துக்குப் போவேன் என்ற நான்காவதும் உண்டு. என்னை மிகவும் தொடுவது அதற்குப் பின் நடப்பது. குருக்கள் திருவுடை அணியும் சக்கிரீஸ்தில், மக்கள் கண்ணில் படாமல், வேறு சில உறுதிகளும் கொடுக்கிறார்: ஏழ்மையின் விதியைத் தளர்த்த மாட்டேன், சபைக்குள்ளும் வெளியிலும் பதவி தேட மாட்டேன். ஆயர் பதவியும் இதில் அடக்கம்! நாற்காலிக்காக மனிதர்கள் என்னென்னவோ செய்யும் காலத்தில் எத்தனை பெரிய சொல் இது!

அடுத்த முறை அழைப்பிதழ் வந்தால், தயவுசெய்து குடும்பத்தோடு போய் முன்வரிசையில் உட்காருங்கள்.