யூனிட் என்றால் எவ்வளவு?

தோவாளைப் பூச்சந்தையில் கால் கிலோ பிச்சி நிறுக்கிற தராசுக்கு அரசாங்க முத்திரை வேண்டும். வடசேரிச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிற பெண்ணின் எடைக்கல்லுக்கும் வேண்டும். முத்திரை இல்லை என்றால் ஆய்வாளர் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். சரிதான், வேண்டியதுதான். ஆனால் நம் வாசலில் பல ஆயிரம் ரூபாய்க்கு எம்-சாண்டும் ஜல்லியும் செம்மண்ணும் கொட்டிவிட்டுப் போகிற டிப்பர் லாரியின் பெட்டிக்கு யார் முத்திரை வைத்தார்கள்? அதன் நீளம் எத்தனை, அகலம் எத்தனை, உள் ஆழம் எத்தனை என்று யாராவது எழுதி ஒட்டியிருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கொட்டாரம் பக்கத்தில் வயல் மனையாகிறது. மனையை ரோட்டு மட்டத்துக்கு உயர்த்த மண் வேண்டும். வீட்டு முற்றத்துக்குச் சரல், செடி வைக்கச் செம்மண், மதில் கட்ட ஜல்லி என்று ஏதாவது ஒன்றுக்கு எல்லா வீட்டிலும் லோடு அடிக்கிறார்கள். போனில் கேட்டால் விலை 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று வரும். யூனிட் என்றால் 100 கன அடி. மெட்ரிக் கணக்கில் 2.83 கன மீட்டர். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தாலும், வந்த லாரியில் எத்தனை கன அடி இருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்தோம்?

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பெட்டியின் உள்நீளம் 12 அடி, உள்ளகலம் 7 அடி, சரக்கு நிற்கிற உயரம் 3 அடி என்றால், பெருக்கினால் 252 கன அடி. அதாவது இரண்டரை யூனிட். இதே லாரியை 'மூணு யூனிட் வண்டி' என்று சொல்லிப் பணம் வாங்கினால் கேட்க ஆளில்லை. வெளிப்பக்கம் டேப் பிடித்து அளந்து காட்டுகிறவர்களும் உண்டு. பெட்டியின் அடித்தளம் வெளியே தெரிகிற விளிம்பிலிருந்து 4 அங்குலம் மேலே இருந்தால் போதும், 28 கன அடி போயிற்று. கால் யூனிட்டுக்கும் அதிகம். இன்னொன்று, கிரஷரில் கூம்பாக ஏற்றிய சரக்கு வழியெல்லாம் குலுங்கி அமர்ந்துவிடும். விலை மட்டும் கூம்புக்குத்தான்.

மணல் என்றால் இதற்கு மேலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஈரமான மணல் உப்பும். மணலில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம் இருந்தால் மணிகளைச் சுற்றித் தண்ணீர் படலமாக நின்று ஒன்றையொன்று விலக்கிவிடும். பருமன் கால் பங்குக்கு மேலும் கூடலாம். எஞ்சினீயர்கள் இதைப் 'பல்க்கிங்' என்பார்கள். கால் பங்கு உப்பிய மணல் 300 கன அடி வாங்கினால், காய்ந்த கணக்கில் 240 கன அடிதான் உங்களுக்கு வந்தது. மீதி 60 கன அடிக்கு நீங்கள் காற்றுக்குப் பணம் கொடுத்தீர்கள். ஐந்தில் ஒரு பங்கு.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். நேரான கண்ணாடி ஜாடியில் ஈர மணலை 20 செ.மீ. உயரத்துக்குத் தளர்வாகப் போடுங்கள். மணல் முழுக மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, அமர விடுங்கள். 16 செ.மீ.க்கு இறங்கினால் உப்பல் நூற்றுக்கு 25. கட்டட வேலை செய்கிறவர்கள் நெடுங்காலமாகச் செய்கிற சோதனை இது. ஜல்லி இப்படி உப்பாது. அதில் ஏமாற்றுவது பெட்டியின் ஆழத்தில்தான்.

அதே மணலை எடை போட்டு வாங்கினால் என்ன ஆகும்? ஒரு டன்னில் சுமார் 50 கிலோ தண்ணீர். நஷ்டம் நூற்றுக்கு ஐந்தோடு நின்றுவிடும். ஆகவேதான் எடைக் கணக்கு வேண்டும் என்கிறேன். காய்ந்த எம்-சாண்ட் ஒரு யூனிட் ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து டன் வரும். 20 மில்லி ஜல்லி நாலு டன்னும் கொஞ்சமும். இந்த இரண்டு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் எந்த லோடையும் எடை மேடைச் சீட்டோடு ஒத்துப் பார்த்துவிடலாம்.

போன சித்திரையில் முற்றத்துக்குச் செம்மண் அடித்தபோது நான் டேப்போடு நின்றேன். லாரிக்காரப் பையன் சிரித்தான். "பாட்டா, டேப்பெல்லாம் எதுக்கு? ஊரு பூரா இப்பிடித்தான் அடிக்கோம்" என்றான். "மக்களே, ஊரு பூரா அடிச்சா அது சரியாயிருமா?" என்று கேட்டேன். அளந்ததில் சொன்ன மூன்று யூனிட்டுக்கு 40 கன அடி குறைவு. விற்றவரைப் போனில் கூப்பிட்டேன். "சார், சரியா அளந்து தந்தா ரேட்டு கூடும்" என்றார். இந்த பதிலில்தான் முழு வியாபாரமும் இருக்கிறது. ரேட்டு கூடட்டும். 260 கன அடிக்கு என்ன விலையோ அதை 260 கன அடிக்கு என்று சொல்லி வாங்குங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? குறைந்த விலையைச் சொல்லி ஆர்டர் பிடித்து, குறைந்த அளவில் கழித்துக்கொள்வதற்குப் பெயர் மலிவு அல்ல.

சிலர் எடை மேடைக்குப் போக நேரமில்லை என்பார்கள். உண்மைக் காரணம் வேறு. எடை மேடைச் சீட்டில் ஓவர்லோடும் தெரிந்துவிடும். யூனிட் என்ற சொல் வசதியானது; வாங்குகிறவரிடம் அதிகமாகவும் செக்போஸ்டில் குறைவாகவும் பேசும்.

என் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். அங்கே வாத்தியார் 'ஸ்தேர்' என்றொரு அளவைச் சொல்லிக்கொடுத்தார். அடுக்கிய விறகுக்கு ஒரு கன மீட்டர். 1795 ஏப்ரலில் மீட்டர், லிட்டர், கிராமோடு சட்டமாக வந்தது. அதற்கு முன் பிரான்சில் தானிய மரக்கால் ஊருக்கு ஊர் வேறு. தலைதட்டி அளப்பதா, கூம்பாக அளப்பதா என்பதிலும் பிரபுக்கள் சனங்களைச் சுரண்டினார்கள். 1789-ல் மன்னருக்குக் குடிகள் எழுதிய குறைப் பட்டியல்களில் ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாட்டம் அளக்கும்போது கூம்பாரம், கூலி அளக்கும்போது தலைதட்டு என்பதை நம் பாட்டன்மார் பார்த்தவர்கள்தாமே. மரக்கால் போய்விட்டது, லாரிப் பெட்டி வந்திருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2009-ம் வருஷத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 11-வது பிரிவு, நிர்ணயித்த மெட்ரிக் அளவில் அல்லாமல் வேறு அளவில் விலை சொல்லக்கூடாது என்கிறது. அப்படியானால் 'யூனிட் ரேட்' என்று போனில் சொல்வதும் பில் எழுதுவதுமே தப்பு. நம் மாநிலத்தில் இதைப் பார்க்க வேண்டியது தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு. பூக்காரியின் தராசைப் பார்க்கிற கண்ணுக்கு லாரி தெரியாதா? நானும் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன்தான். ஆள் பற்றாக்குறை, ஜீப் இல்லை என்கிற காரணங்களையெல்லாம் நானே ஃபைலில் எழுதியிருக்கிறேன். பெட்டியின் உள்ளளவைக் கன மீட்டரில் பக்கத்துப் பலகையில் பெயின்ட் அடித்து எழுதச் சொல்ல ஜீப் எதற்கு?

இதனால் யாருக்குக் கேடு? பங்களா கட்டுகிறவர்களுக்கு எஞ்சினீயர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார். 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் மூன்றரை லட்சத்துக்குள் 360 சதுர அடி கட்டி முடிக்க வேண்டிய குடும்பத்துக்கு, லோடுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்தப் பணம் வட்டிக்குத்தான் வர வேண்டும். தனியாக இருக்கிற நம் வயதுக்காரர்களுக்கும் அதே கதி. பிள்ளைகள் வெளிநாட்டில், லாரிமேல் ஏறிப் பார்க்க முழங்கால் விடாது.

நம் பணம் மட்டுமா, மலையும் இதில் இருக்கிறது. இந்த ஜில்லாவின் பாறை உடைந்து வீட்டுக்கும் ரோட்டுக்கும் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கும் போனது நமக்குத் தெரியும். வீட்டு வாசலில் மூன்று யூனிட்டா இரண்டரையா என்று கேட்காத ஊரில், மலையிலிருந்து எத்தனை டன் போயிற்று என்று யார் கேட்பார்கள்? குளத்து வண்டலை விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் இலவசமாக எடுக்க 2024-ல் அரசு வழி செய்தது. அந்த மண்ணை மனை நிரப்ப யாராவது விலைக்குக் கொண்டுவந்தால், அது எந்தக் குளம், என்ன அனுமதி என்று வாங்குகிறவர் கேட்கத்தான் வேண்டும்.

ஆகவே அடுத்த லோடுக்கு விலையை டன்னிலோ கன மீட்டரிலோ சொல்லச் சொல்லுங்கள். எடை மேடைச் சீட்டும் நடைச்சீட்டின் நகலும் வண்டியோடு வர வேண்டும் என்று போனிலேயே பேசுங்கள். வெற்று வண்டியின் எடை ஆர்.சி.யில் இருக்கும். எடை இல்லாமல் வந்தால் டிப்பர் தூக்குவதற்கு முன்னால் பேரனை மேலே ஏற்றி, உள்ளளவை மூன்று இடத்தில் டேப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் அதற்குப் பிறகு. ஒரு தெருவில் பத்து வீடு இப்படி நின்றால் பதினோராவது வீட்டுக்குச் சரியான அளவில் வண்டி வரும்.