போர் முடிந்தது... இரவுகள் முடியவில்லை!

இறந்துவிட்டதாக அரசாங்கமே அறிவித்த மகன், உயிரோடு திரும்பி வந்தால் எப்படியிருக்கும்? 1945 அக்டோபரில் அமெரிக்காவின் டாரன்ஸ் நகரைச் சேர்ந்த ஸாம்பெரினி குடும்பத்துக்கு அந்தச் சந்தோஷம் கிடைத்தது. சினிமாவாக இருந்தால் இங்கே ‘சுபம்’ போட்டுவிடுவார்கள். லூயி ஸாம்பெரினியின் வாழ்க்கையிலோ, கஷ்டமான இன்னொரு பகுதி இதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

லூயி ஓர் ஓட்டப்பந்தய வீரர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் எட்டாவதாக வந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது விமானப் படையில் குண்டு வீசும் பணியில் இருந்தார். 1943 மே 27 அன்று, காணாமல்போன ஒரு விமானத்தைத் தேடிப் போன இவருடைய விமானமே பசிபிக் கடலில் விழுந்தது. இருந்த 11 பேரில் தப்பியவர்கள் மூன்றே பேர்.

ரப்பர் படகில் மழைநீரைக் குடித்து, கையில் சிக்கிய பறவையையும் மீனையும் பச்சையாகத் தின்று மிதந்தார்கள். 33-வது நாள் ஒருவர் இறந்துபோனார். 47-வது நாள், மார்ஷல் தீவுகள் அருகே மற்ற இருவரும் ஜப்பானியப் படையிடம் சிக்கினார்கள்.

அடுத்த இரண்டு வருடங்களுக்கு மேல் அடி, பசி, நோய்தான். முட்சுஹிரோ வாட்டனபே என்ற முகாம் அதிகாரி, ஒலிம்பிக் வீரர் என்பதாலேயே லூயியைக் குறிவைத்து அடித்தான். ‘எங்களுக்காக ரேடியோவில் பிரசாரம் செய், நல்ல சாப்பாடு, நல்ல இடம் தருகிறோம்’ என்று ஜப்பானியர்கள் ஆசை காட்டியபோது லூயி மறுத்துவிட்டார். மறுபடியும் முகாம், மறுபடியும் வாட்டனபே.

போர் முடிந்து ஊர் திரும்பியவரை நாடே கொண்டாடியது. 1946-ல் சிந்தியாவைத் திருமணம் செய்துகொண்டார். ஆனால், கண்ணை மூடினால் கனவில் வாட்டனபே வந்தான். கனவை மறக்கக் குடித்தார். ஒருநாள் இரவு, கனவில் வாட்டனபேயின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு விழித்தார். அவர் கையில் இருந்தது கர்ப்பிணி மனைவியின் கழுத்து!

போர்க்களத்தில் இருந்து வந்தவர்களுக்கு வரும் இந்தப் பாதிப்புக்கு ‘பி.டி.எஸ்.டி’ என்ற பெயரை அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதிகாரபூர்வமாகச் சேர்த்ததே 1980-ல்தான். பெயரே இல்லாத நோயுடன் போராடிய சிந்தியா, விவாகரத்து வரை போய்விட்டார். 1949-ல், லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த பில்லி கிரஹாமின் பிரசங்கக் கூட்டத்துக்குக் கணவரைப் பிடிவாதமாக அழைத்துப் போனதும் அவர்தான். அன்றோடு குடி நின்றது, அந்தக் கனவும் நின்றது என்று லூயி சொல்லியிருக்கிறார்.

அடுத்த வருடம் அவர் டோக்கியோவின் சுகாமோ சிறைக்குப் போனார். அங்கே கைதிகளாக இருந்த தன் பழைய காவலாளிகளைச் சந்தித்து, மன்னித்துவிட்டதாகச் சொன்னார். வாட்டனபே அப்போது தலைமறைவு. 1998 நாகானோ ஒலிம்பிக்குக்காக, தான் அடைபட்டிருந்த ஊர்ப்பக்கமே லூயி ஜோதி ஏந்தி ஓடினார். வயது 81-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் வாட்டனபேயைச் சந்திக்க விரும்பினார். அவனோ மறுத்துவிட்டான். லூயி 2014-ல், 97 வயதில் காலமானார்.

லூயிக்கு வழி காட்டியது நம்பிக்கை. எல்லோருக்கும் அப்படி ஒரே இரவில் மாறிவிடாது. இன்று அதற்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள், சிகிச்சை இருக்கிறது. போரோ, விபத்தோ, வெள்ளமோ... பெரிய ஆபத்தில் இருந்து மீண்டு வந்த ஒருவர் உங்கள் வீட்டில் இரவில் தூங்காமல் உட்கார்ந்திருந்தால், ‘அதான் நல்லபடியா வந்தாச்சே, இன்னும் என்ன?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். டாக்டரிடம் போகலாம் என்றால், நீங்களும் கூடப் போங்கள்.