உறுமுற நாயை அடிக்காதீங்க

நாய் பழக்கும் வீடியோக்களை எங்க ஊர்ப் பையன்களும் இப்போ போன்ல பார்க்கிறாங்க. ஒருத்தர் நாயைக் கீழே தள்ளி, மல்லாக்கப் போட்டு, கழுத்தை அழுத்திப் பிடிக்கிறார். "இங்க யார் தலைவன்னு அதுக்குக் காட்டணும்" என்கிறார். ஆடு வளர்க்கிற உனக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். வந்திருக்குங்க. அப்படி அடக்கி வளர்த்த நாய் ஒரு நாள் வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது காரில் வந்து எங்க ரோட்டோரம் இறங்கும். கழுத்துப் பட்டை அப்படியே இருக்கும்.

அதுக்கப்புறம் அது வண்டியில் அடிபட்டுச் சாகும், இல்லைன்னா நாய்க் கூட்டத்தோடு சேரும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டிக்குள் நாய் புகுந்து ஆடுகள் செத்ததும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் பேப்பரில் வந்த சேதிதான். அதைப் படித்துவிட்டு "பாவம், பசிக்குக் கடிக்குது" என்று டவுன்காரர் ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். பசி மட்டும் என்றால் ஒரு ஆட்டோடு போயிருக்கும். ஓடுறதைத் துரத்துவது நாயோட பிறவிக் குணம். செம்மறி மிரண்டு ஓட ஓட அதுக்கு வெறி ஏறும். ஒன்றைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவும். கடியே படாத ஆடுகளும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். விடிஞ்சு பார்த்தால் அது தின்னது ஒரு தொடைகூட இருக்காது. எல்லா நாயும் டவுனில் இருந்து வந்ததுன்னு சொல்லலை. எங்க ஆளுங்க கவனிக்காமல் விட்டதும் உண்டு. ஆனால் பட்டை கட்டின நாய் எங்க ஊரில் பிறந்தது இல்லை.

விட்டுட்டுப் போறவங்க சொல்ற காரணம் ஒன்றுதான்: "நல்லாத்தாங்க இருந்துச்சு, திடீர்னு கடிச்சுடுச்சு."

திடீர்னு எந்த நாயும் கடிக்காது, வெறிநோய் கண்டதைத் தவிர. பிள்ளை வந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. நாய் முதலில் முகத்தைத் திருப்பும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். திங்க எதுவும் இல்லாதபோதே நாக்கால் உதட்டை நக்கும். கண்ணோரம் வெள்ளை தெரிகிற மாதிரி பார்க்கும். உடம்பு கட்டை மாதிரி விறைக்கும். இத்தனையும் "போதும், விடு" என்று சொல்றதுதான். நீங்கள் அதை போட்டோ எடுத்து, பாசத்தைப் பாருங்கன்னு ஸ்டேட்டஸ் வைக்கிறீங்க. கடைசியில் அது உறுமும். உடனே மூஞ்சியில் ஒரு அடி, "வீட்டு மனுஷங்களையே உறுமுறியா?" அந்த அடியில் நாய் கற்றுக்கொள்வது மரியாதை இல்லை. உறுமினால் அடி விழும் என்பது மட்டும்தான். அடுத்த தடவை உறுமாது, நேராகப் பல்லைப் போடும். நல்லபாம்பு சீறினால் நாம ரெண்டு அடி பின்னால் போறோம். அதே புத்தி நாய்கிட்ட மட்டும் ஏன் வரமாட்டேங்குது?

போன வருஷம் அப்படி இறங்கின ஒரு லேப்ரடார். தலையைத் தொட்டாலே உறுமும். கால்நடை டாக்டர் வாயைக் கட்டிவிட்டுக் காதைப் பார்த்தார். உள்ளே முழுக்கச் சீழ். எத்தனை மாதம் அந்த வலியோடு இருந்துச்சோ! அந்த வீட்டில் அதுக்கு வைத்த பேர் முரடு. மருந்து ஊற்றி ஆறினதும் தலையைக் கொண்டு வந்து நம்ம கையில் தேய்க்குது.

வாலாட்டுவதும் இப்படித்தான். உடம்பு முழுக்க நெளிஞ்சு, இடுப்பே ஆடுகிற மாதிரி ஆட்டினால் சந்தோஷம். வாலைத் தூக்கி நட்டுவைத்து, நுனி மட்டும் விறைப்பாகத் துடித்தால் கிட்டப் போகாதீங்க. வாலாட்டிக்கிட்டே கடிச்சுதுன்னு சொல்றவங்க பொய் சொல்லலை, பாதி பார்த்திருக்காங்க.

இந்தத் தலைவன் கதைக்கு வருகிறேன். இது எங்கிருந்து வந்ததுன்னு அக்கா மகன் தேடிப் படித்துச் சொன்னான். 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர், அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. சண்டை போட்டு ஜெயிக்கிறதுதான் தலைவன் என்ற எண்ணம் அதில் இருந்து பரவியது. 1970இல் அமெரிக்காவின் டேவிட் மீச் எழுதிய ஓநாய்ப் புத்தகம் அதை ஊரெல்லாம் கொண்டு போனது. பிறகு அவரே காட்டு ஓநாய்களை வருஷக்கணக்கில் பார்த்து, அது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். பழைய புத்தகத்தை இனி அச்சடிக்க வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடமே கேட்டுக்கொண்டார். ஜெயிலைப் பார்த்துவிட்டு, குடும்பம் இப்படித்தான் நடக்கும்னு எழுதினா எப்படி இருக்கும்? எழுதினவரே வேண்டாம்னு சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு நம்மாளுங்க நாயைக் கவிழ்த்துப் போடறாங்க. அதுவும் நாயை, ஓநாயைக்கூட இல்லை.

திங்கிற தட்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் பழக்கச் சொல்றதும் இந்த வகைதான். சாப்பிடும்போது உங்க இலையை ஒருத்தர் தினமும் உருவினால், அவர் தலை தெரிந்ததும் இலையைக் கையால் மறைப்பீங்களா மாட்டீங்களா? தட்டுப் பக்கம் போகும்போது ஒரு துண்டு கருவாடோ முட்டையோ போட்டுவிட்டு நகருங்க. நீங்க வர்றதே அதுக்கு நல்ல சேதி ஆயிடும்.

இன்னொன்று, "தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாருங்க." அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற பெண்மணி 2009இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். திங்கக்கூடாததைத் தின்ற நாய், தின்னாத நாய் இரண்டையும் வளர்க்கிறவர்கள் திட்டினார்கள். தின்னாததும் அதே பாவமான மூஞ்சியைத்தான் காட்டியது. அந்த மூஞ்சி திட்டுக்கு வருவது, குற்றத்துக்கு இல்லை. ஆபீஸ் விட்டு ஆறு மணிக்கு வந்து, மத்தியானம் பெய்த மூத்திரத்தில் மூக்கைத் தேய்த்தால், நீங்க வந்தால் ஆபத்து என்றுதான் அதுக்குப் புரியும். குட்டி தூங்கி எழுந்ததும், தின்னதும் வெளியே கூட்டிப் போங்க. போய் முடிச்ச அந்த நொடியே தட்டிக் கொடுங்க. ஒரு நிமிஷம் கழித்துக் கொடுத்தால் எதுக்குக் கொடுத்தீங்கன்னு அதுக்குத் தெரியாது. என் பட்டி நாயை ஆட்டுக்குட்டியைத் துரத்தாமல் பழக்கினதும் இதே வழிதான். நீளக் கயிறு கட்டி, ஓடவிடாமல் பிடிச்சு, அது ஆட்டைப் பார்த்தும் சும்மா படுத்திருக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் சோறு. நாலு மாதம் ஆச்சு. நாலு மாதம் பொறுக்க முடியாதவங்க மீன் தொட்டி வாங்கலாம்.

எங்க ஊரும் யோக்கியம் இல்லை. காதை அறுத்தால் ரோஷம் வரும், இருட்டில் கட்டி யாரையும் காட்டாமல் வளர்த்தால் நல்ல காவல் என்பார்கள். கட்டிலேயே கிடக்கிற நாய்க்கு விலகி ஓட வழி இல்லை. பயத்தில் கடிக்கும், அதை வீரம்னு பெருமை பேசுவாங்க. வீட்டாள் யார், வெளியாள் யார்னு பார்த்துப் பழகாத நாய், தபால்காரரையும் திருடனையும் ஒண்ணாத்தான் பார்க்கும்.

இப்போ டவுனில் நாட்டு நாய் மோகம் வேற. நல்லதுதான். ஆனால் கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்டின நாய்ங்க. அதை மூணாவது மாடியில் அடைத்து, காலையில் கால்மணி நேரம் கயிற்றில் இழுத்துட்டுப் போய் வந்துவிட்டு, சோபாவைக் கிழிக்குது, நாட்டு நாய்க்குப் புத்தி இல்லைன்னு சொன்னா எப்படீங்க?

என்கிட்டயும் குட்டி கேட்டு வர்றாங்க. பகலில் வீட்டில் யார் இருப்பீங்க, ஓடவிட இடம் இருக்கா, பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்பேன். எட்டு வாரம் ஆகாமல் கொடுக்க மாட்டேன். அதுக்குள்ள விற்கக்கூடாதுன்னு 2017 சட்ட விதியே இருக்கு. கூடப் பிறந்ததைக் கடித்து, அது கத்தி, விளையாட்டு நின்னு போய்த்தான் பல்லை எவ்வளவு அழுத்தலாம்னு குட்டி கற்றுக்கொள்ளும். முப்பது நாளில் பிரிச்சா அந்தப் பாடத்தை உங்க பிள்ளை கையில்தான் படிக்கும். போன மாதம் ஒருத்தர் முப்பத்தஞ்சு நாள் குட்டியைக் கேட்டு, காசு கூடத் தர்றேன்னார். முடியாதுன்னதும், "ஒரு நாய்க்குட்டிக்கு இத்தனை கேள்வியா" என்று கோபமாகக் காரை எடுத்துட்டுப் போயிட்டார். குட்டி இங்கதான் இருக்கு. இப்போதைக்கு என் செருப்பைக் கடிச்சுக்கிட்டு இருக்கு.