மூன்று வருஷத்துக்குப் பழம் கேட்காதீர்கள்

தோட்டத்தை உவமையாகச் சொல்லாத பிரசங்கியார் நம் பக்கத்தில் கிடையாது. விதை, களை, எரு, கிளை நறுக்குதல் என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில், "நீங்கள் கனி கொடுக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி விழும். நாமும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்து சேருவோம். உவமையில் எனக்குக் குறை இல்லை. ஆண்டவரே விதைக்கிறவனையும் திராட்சச்செடியையும் அத்திமரத்தையும் வைத்துப் பேசியவர்தான். அதைச் சொல்கிறவர்களில் அநேகர் மண்வெட்டி பிடித்தவர்கள் இல்லை என்பதுதான் என் குறை. பிடித்திருந்தால் கனியைப் பற்றி இவ்வளவு அவசரப்பட மாட்டார்கள்.

நர்சரியில் வாங்கி வைக்கும் ஒட்டு மாங்கன்றைப் பாருங்கள். சில கன்று நட்ட வருஷமே பூத்துவிடும். முழங்கால் உயரம்கூட இருக்காது, உச்சியில் பூங்கொத்து நிற்கும். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், பேரப்பிள்ளைகள் போட்டோ எடுப்பார்கள். விவரம் தெரிந்த தோட்டக்காரர் வந்தால் முதல் வேலையாக அந்தப் பூவைக் கிள்ளிப் போட்டுவிடுவார். முதல் இரண்டு மூன்று வருஷம் வருகிற பூவையெல்லாம் அப்படித்தான் செய்யவேண்டும். காய்க்க விட்டால் கன்று தன் சத்தையெல்லாம் அந்த ரெண்டு காய்க்கே கொடுத்துவிடும். வேரும் ஓடாது, கிளையும் பிடிக்காது.

ஏன் இத்தனை சீக்கிரம் பூக்கிறது? ஒட்டுக்குச்சி எடுத்தது ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருக்கிற தாய்மரத்தில் இருந்து. மேலே இருப்பது வயதான மரத்தின் கிளை. கீழே இருப்பது போன வருஷம் முளைத்த கொட்டையின் வேர். பூக்கிற வயது கிளைக்கு வந்துவிட்டது, தாங்குகிற வயது வேருக்கு வரவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றும். நாலு தலைமுறை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை பத்து வயதிலேயே அழகாக ஜெபம் பண்ணும். காது கொடுத்துக் கேட்டால் தெரியும், அது தாத்தாவின் ஜெபம். வார்த்தை, இழுப்பு, முடிக்கிற விதம் எல்லாம் தாய்மரத்திலிருந்து வந்தவை. அதில் தப்பு இல்லை, அப்படித்தான் வரவேண்டும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு மரம் காய்த்துவிட்டது என்று கூடையை எடுத்துக்கொண்டு போகிறோமே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சபையில் ஒரு பையன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் வாலிபர் முகாமுக்குப் போனான். உண்மையாகவே தொடப்பட்டுத் திரும்பினான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த ஞாயிறே மேடையில் ஏற்றினார்கள். நல்ல குரல், தடங்கல் இல்லாத பேச்சு. பிறகு பக்கத்துச் சபை, எழுப்புதல் கூட்டம், விடுமுறை வேதாகமப் பள்ளி என்று ஒரே ஓட்டம். கல்லூரிக்குப் போன இரண்டாம் வருஷம் அவனுக்குச் சந்தேகங்கள் வந்தன. யாருக்குத்தான் வராது? ஆனால் யாரிடம் போய்க் கேட்பான்? பதில் சொல்கிறவன் என்றல்லவா அவனை நிறுத்தி வைத்திருந்தோம். இப்போது கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தாலும் கோவிலுக்கு வருவதில்லை. பின்மாற்றம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவன் அம்மா அந்த முதல் சாட்சியின் வீடியோவை இன்னும் செல்போனில் வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பின்மாற்றமாகத் தெரியவில்லை. கிள்ளவேண்டிய பூவைக் காய்க்க விட்டதாகத்தான் தெரிகிறது.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் வேகமாகத் தாண்டிப் போய்விடுவோம். அங்கே மரம் நடுகிறவர்களுக்கு ஒரு கட்டளை உண்டு. நட்ட மரத்தின் கனியை மூன்று வருஷம் தொடக்கூடாது. நாலாம் வருஷத்துக் கனி கர்த்தருக்கு. ஐந்தாம் வருஷந்தான் நட்டவன் தின்னலாம். எல்லாவற்றிலும் முதற்பலனைக் கேட்கிற கர்த்தரே கன்றிடம் மூன்று வருஷம் ஒன்றும் கேட்கவில்லை. நம் சபைகளுக்கோ மூன்று மாதம் பொறுக்க முடியவில்லை.

பவுல் தமஸ்குவில் உடனே பிரசங்கித்தாரே என்று கேட்பார்கள். சரிதான். அந்தப் பவுல்தான் கலாத்தியருக்கு எழுதும்போது, அரபி தேசத்துக்குப் போனதையும் மூன்று வருஷம் கழித்தே எருசலேமில் பேதுருவைப் பார்த்ததையும் சொல்கிறார். அதன் பிறகும் தர்சு பட்டணத்தில் இருந்தவரை பர்னபா தேடிப் போய் அந்தியோகியாவுக்குக் கூட்டிவர வேண்டியிருந்தது. இத்தனைக்கும் கமாலியேலின் காலடியில் வேதம் படித்தவர், அடியில் பழைய வேர் இருந்தது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் கண்காணியாய் இருக்கிறவன் நூதன சீஷனாய் இருக்கக்கூடாது என்கிறார். நாம் 'நூதன சீஷன்' என்று படிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்கு, புதிதாக நடப்பட்டவன் என்றே அர்த்தம். அசல் தோட்டக்காரன் வார்த்தை.

அப்படியானால் வாலிபருக்கு வேலையே கொடுக்கக்கூடாதா? தாராளமாகக் கொடுக்கலாம், மைக் இல்லாத வேலையாக. அசனத்துக்குப் பெஞ்சு தூக்கட்டும். கண் தெரியாத பாட்டிக்கு வாரம் ஒரு அதிகாரம் வாசித்துக் காட்டட்டும். தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு முறை உண்டு. தினம் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். இடைவெளி விட்டு, ஆழ இறங்கும்படி ஊற்றினால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். ஒவ்வொரு மாதமும் ஒரு விசேஷக் கூட்டம் என்பது என் கணக்கில் தெளிப்புதான். இதைச் சொல்லி நான் சிலரிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன்.

திருநெல்வேலித் தேரி மண்ணில் இருக்கிறவர்களுக்கு இதைப் பனையே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பனங்கொட்டையை மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. முளை கீழே இறங்கும். பொங்கலுக்கு அவித்துத் தின்கிறோமே கிழங்கு, அது அந்தக் காலத்து வளர்ச்சிதான். நுங்கு பார்க்கப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அந்தப் பனங்காட்டுக்கு நடுவே, இடையன்குடிக்கு, கால்டுவெல் ஐயர் 1841இல் வந்தார். அவர் அங்கே கட்டிய கோவில் 1880இல்தான் பிரதிஷ்டையானது. இன்றைக்கு ஒரு கமிட்டி அத்தனை காலம் பொறுத்திருக்குமா? மூன்று ஐயர்மாரை மாற்றியிருப்போம்.

எங்கள் சேகரத்தில் இந்த வருஷம் 11 பிள்ளைகள் திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஆளுக்கு இரண்டு நிமிஷம் சாட்சி சொல்ல வைப்பது வழக்கம். இந்தத் தடவை அதை விட்டுவிட்டு, பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும், பெரியவர்கள் நாம் பதில் சொல்வோம் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றார்கள். ஒருவர் மட்டும், "பதில் தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வீங்க?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்வோம் என்றேன்.